காஞ்சனாவுக்கு ஒரு லோயர் பெர்த்

1

"மிஷினுக்கு என் வயசு தெரியும். பொம்பளைன்னும் தெரியும். கீழ வேணும்னும் போட்டாச்சி. அப்புறம் ஏண்ணா ஒவ்வொரு தடவையும் என்னை மேல தூக்கிப் போடுது?"

இந்தக் கதை இந்தக் கேள்வியிலிருந்து வந்தது. வேறு எங்கிருந்தும் வரவில்லை. கேட்டவர் திருத்தணியில் எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி இருக்கிறார். கேட்டபோது என் வீட்டு இரும்புக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எதையாவது பிடிக்காமல் அவரால் அதிக நேரம் நிற்க முடியாது. தறிக் கூடத்தில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்ததிலிருந்து அவர் காலுக்குள் ஒரு கம்பி இருக்கிறது.

எனக்குப் பதில் தெரியவில்லை. அதுதான் முதல் கோபம், என் மேலேயே. பூட்டு எப்படித் திறக்கிறது, குக்கர் ஏன் விசில் அடிக்கிறது, மலைமேல் மைக்கில் பேசுவது ஏன் கீழ்த்தெருவில் இரண்டு தடவை கேட்கிறது என்றெல்லாம் சிறுவர் பத்திரிகைகளில் எழுதிப் பிழைக்கிறவன் நான். எதையும் கழற்றிப் பார்த்தால் புரியும் என்று ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஐம்பத்து நான்கு வயதுப் பெண், நாற்பத்தைந்து தாண்டிய பெண்களுக்கென்றே ரயில்வே ஒதுக்கி வைத்திருக்கிற கீழ்ப் படுக்கைகள், காலியாக இருக்கிற பெட்டி. மூன்றும் இருந்தும் படுக்கை கிடைக்கவில்லை.

"ஏஜென்ட் என்ன சொல்றான்?"

"பஸ் ஸ்டாண்டு எதிர்ல இருக்கிற சக்திவேல்தான். 'சிஸ்டம் எடுக்கலக்கா'ங்கறான். ஏன் எடுக்கலன்னா 'அது சிஸ்டம்க்கா'ங்கறான்."

இதைக் கதையாக எழுதட்டுமா என்று கேட்டேன். பெயரை மாற்றிவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

"காஞ்சனான்னு வைங்க. பொதட்டூர்பேட்டைல எங்க கிளாஸ்ல அந்தப் பேர்ல ஒருத்தி இருந்தா. வாத்தியாரையே எதிர்த்துக் கேப்பா."

ஆகவே காஞ்சனா.

2

முதல் தொடக்கம்:

*பானிப்பட்டின் தண்டவாளங்களை மூடியிருந்த வெண்பனி, தூரத்தில் தவிக்கும் ஒரு தாயின் மனதைப் போல*

(இங்கேயே நிறுத்திவிட்டேன். பானிப்பட்டை நான் பார்த்ததில்லை. வெண்பனி என்றால் எனக்குத் தெரிந்தது மார்கழியில் நந்தி ஆற்றுப் பக்கம் எழுகிற புகை மட்டும்தான்.)

காஞ்சனாவிடம் கேட்டேன். அவர் போன ஜனவரியில் அந்த வழியாகப் போய்வந்தவர். பனி எப்படி இருந்தது?

"பனியா? நான் எங்க பாத்தேன்? ஜன்னல் பக்கம் எங்க பாவா தலை இல்ல இருந்திச்சி. நான் கால் பக்கம் இல்ல குந்திகினு இருந்தேன்."

இரண்டாம் தொடக்கத்தில் அலங்காரம் இல்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

காஞ்சனாவின் மகள் பிரியங்கா. மருமகனுக்கு ஹரியானாவில், பானிப்பட்டில், கம்பளி நெய்கிற மில்லில் சூப்பர்வைசர் வேலை. போன குளிர்காலத்தில் மகளைப் பார்க்க மூன்று பேர் கிளம்பினார்கள்: காஞ்சனா, அவர் கணவர் வரதராஜன், வரதராஜனின் அக்கா வீட்டுக்காரர் கஜபதி. வரதராஜன் அவரைப் பாவா என்று கூப்பிடுகிறார். கேட்டுக் கேட்டு காஞ்சனாவும் அப்படியே. சென்னையில் ஏறினால் டெல்லிக்கு இரண்டு ராத்திரி. மூவருக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். கிடைத்தது ஒரு கீழ்ப் படுக்கை, ஒரு நடுப் படுக்கை, ஒரு மேல் படுக்கை. கீழே பாவா. அவரை மேலே ஏறச் சொல்கிற வழக்கம் இந்தக் குடும்பத்தில் இல்லை. அக்கா வீட்டுக்காரர், அறுபத்தேழு வயது. நடுவே வரதராஜன். மேலே காஞ்சனா.

காஞ்சனா ஏணியில் ஏறினார். இரண்டாவது படியில் கம்பி வைத்த கால் மடங்கியது. சங்கிலியைப் பிடித்துத் தொங்கினார். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் இறக்கிவிட்டார்கள். அதன்பின் டெல்லி வரை பாவாவின் கால்மாட்டில் உட்கார்ந்தே போனார். வருகிற வழியிலும் அதேதான். ஊருக்கு வந்து ஒரு மாதம் கால் வீங்கியிருந்தது.

இப்போது பிரியங்காவுக்குத் தை பிறந்து பிரசவம். தலைப் பிரசவம். "கீழ பெர்த் உறுதியா இருந்தா போங்க, இல்லேன்னா போகாதீங்க" என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். வரதராஜன் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்: காஞ்சனா வீட்டில் இருக்கட்டும், தன் அக்கா, அதாவது பாவாவின் மனைவி, அன்னம்மாள் போய் பிரசவம் பார்க்கட்டும்.

அதாவது, லோயர் பெர்த் கிடைக்காவிட்டால் மகளின் முதல் பிரசவத்துக்குத் தாய் போக முடியாது. கதையில் பணயம் இவ்வளவுதான். இது சின்னதாகத் தெரிந்தால் இந்தப் பக்கத்தை இத்துடன் மூடிவிடலாம்.

3

எனக்கு வரதராஜனைப் பற்றிச் சந்தேகமாக இருக்கிறது. கணவனாக இல்லை, பாத்திரமாக.

கோபத்தோடு எழுத உட்காருகிறவனுக்கு வில்லன் ஒருவன் வேண்டும். இவர் அதற்கு ஒத்துழைக்க மறுக்கிறார். நான்கு விசைத்தறி வைத்திருக்கிறார், அதில் லுங்கி நெய்கிறார், குடிப்பதில்லை. காஞ்சனா ஆஸ்பத்திரியில் இருந்தபோது கட்டிலுக்குக் கீழே தரையில் படுத்திருந்தார். வாசலில் பார்த்தால் முதலில் அவர்தான் கையெடுப்பார்.

*வரதராஜன் மீசையை முறுக்கியபடி*

(அவருக்கு மீசை கிடையாது. இதையும் விடுகிறேன்.)

நேரில் போய்ப் பேசினேன். தறிச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"ஏன் எல்லாரையும் ஒரே டிக்கெட்டுல போடறீங்க?"

"குடும்பம்னா ஒரே டிக்கெட்டுதானே சார். தனித்தனியா எடுத்தா பாக்கறவன் இன்னா நெனைப்பான்?"

"யாரு பாக்கறாங்க?"

"டிடிஆர் பாக்கறான்ல."

"முதல்ல யாரு பேரு போடுவீங்க?"

"பாவா பேரு. அப்புறம் என் பேரு. கடைசியா அவ பேரு." இதில் என்ன கேள்வி என்பதுபோல என்னைப் பார்த்தார். கல்யாணப் பத்திரிகை அடிப்பதுபோலத்தான் இங்கே டிக்கெட் எடுக்கிறார்கள். ஆர்.கே.பேட்டை வரை விசாரித்தேன், அப்படித்தான்.

"காஞ்சனாம்மா போகலேன்னா பரவால்லியா?"

தறியை நிறுத்தினார். சத்தம் அடங்கியதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவ கால் உடைஞ்சா நான் இன்னா சார் பண்ணுவேன்? அக்கா ரெண்டு புள்ளை பெத்தவங்க. பாத்துப்பாங்க."

நல்லெண்ணம்தான். அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. கெட்ட எண்ணமாக இருந்தால் சண்டை போட்டு முடித்துவிடலாம்.

4

இந்தப் பகுதியில் கதை நகராது. ரயில் எப்படி ஓடுகிறது, படுக்கை எப்படிக் கிடைக்கிறது என்று விளக்கப் போகிறேன். எனக்கு இதில்தான் உயிர் வருகிறது. கோபமும் கொஞ்சம் ஆறுகிறது.

முதலில் பனி. வடக்கே பனி விழுந்தால் சென்னையிலிருந்து கிளம்புகிற ரயில் ஏன் தாமதமாக வேண்டும்? இங்கே வெயில்தானே அடிக்கிறது? காரணம், போகிற ரயிலும் வருகிற ரயிலும் ஒன்றுதான். டெல்லியிலிருந்து வருகிற அதே பெட்டிகளைக் கழுவி, தண்ணீர் பிடித்து, படுக்கை விரிப்பு மாற்றி, அதையேதான் திரும்ப டெல்லிக்கு அனுப்புகிறார்கள். பனியில் சிக்னல் கண்ணுக்குத் தெரியாமல் வருகிற ரயில் ஊர்ந்து வந்தால், போகிற ரயிலும் காத்திருக்கும். ஆகவே குளிர்காலத்தில் நாம் பார்க்க வேண்டியது நம் ரயிலின் நேரத்தை அல்ல. எதிர்த்திசையில் வருகிற அதன் ஜோடியின் நேரத்தை. முந்தின நாள் அது எங்கே இருக்கிறது என்று பார்த்தால் நாளைக்கு நாம் எப்போது கிளம்புவோம் என்று தெரியும். (அழகாக இல்லையா? எனக்கு அழகாக இருக்கிறது.)

பனிக்காகச் சில ரயில்களை அந்த மாதங்களில் ரத்தே செய்துவிடுவார்கள். ஆகவே பிரசவத் தேதிக்கு ஒட்டிப் போகக் கூடாது. தள்ளி, முன்னாலேயே போக வேண்டும். வரதராஜன் படித் திருவிழா முடிந்து போகட்டும் என்றார். டிசம்பர் கடைசி நாள் மலைக்கு வருகிற கூட்டத்தில் திருத்தணி ஸ்டேஷனுக்குள் ஒரு பையைக் கூடக் கொண்டுபோக முடியாது என்பதால், இதில் மட்டும் அவர் சொல்வது சரி. ஜனவரி முதல் வாரம் என்று முடிவானது.

அடுத்தது படுக்கை. ஏசி மூன்றடுக்குப் பெட்டியில் ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் எட்டுப் படுக்கை. எதிரெதிரே மும்மூன்று, நடைவழியில் பக்கவாட்டில் இரண்டு. எட்டில் மூன்றுதான் தரைக்குப் பக்கம். டிக்கெட் எடுக்கும்போது "கீழே வேண்டும்" என்று போடுகிறோமே, அது விருப்பம் மட்டும். இருந்தால் கொடுக்கும். ஆனால் ஒவ்வொரு பெட்டியிலும் சில கீழ்ப் படுக்கைகளை ரயில்வே தனியாக எடுத்து, ஒரு பூட்டிய அறைக்குள் வைப்பதுபோல வைத்திருக்கிறது. அதுதான் லோயர் பெர்த் கோட்டா. அறுபது வயதான ஆண், நாற்பத்தைந்து வயதான பெண் இருவருக்கும் உரியது. காஞ்சனா அந்த அறைக்குள் போக எல்லாத் தகுதியும் உள்ளவர்.

சக்திவேல் அந்தக் கதவைத் தட்டித்தான் பார்த்திருக்கிறான். திறக்கவில்லை. ஏன்?

[இந்த இடத்தில் மூன்று நாள் எழுதவில்லை. பூட்டு புரியாமல் கதையை முடிப்பது எனக்கு ஏமாற்று வேலையாகத் தோன்றியது. ஆனால் எழுத்தாளன் புத்தி சும்மா இருக்காது. பூட்டைத் திறக்காமலே முடிக்க மூன்று முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.]

5

முடிவு ஒன்று: டிக்கெட் பரிசோதகர் வருகிறார். காஞ்சனாவின் காலைப் பார்க்கிறார். அவருக்குத் தன் தாயின் நினைவு வருகிறது. கடைசிப் பெட்டியில் காலியாக இருக்கும் ஒரு கீழ்ப் படுக்கையை

முடிவு இரண்டு: லீவு முடிந்து திரும்பும் ஒரு ராணுவ வீரர், "அம்மா, நீங்க இங்க படுங்க" என்று தன் படுக்கையை விட்டுக்கொடுத்து, கம்பளியையும் போர்த்திவிட்டு

முடிவு மூன்று: விஜயவாடா தாண்டியதும் பாவாவுக்கு மனம் உறுத்துகிறது. எழுந்து, கண்கலங்கி

மூன்றையும் காஞ்சனாவுக்குப் படித்துக் காட்டினேன். இந்த முறை கேட்டைத் தாண்டி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முடிகிற வரை கேட்டார்.

"பாவா அழறாரா?"

"கதையில."

"பிரியங்கா கல்யாணத்துல கூட அவரு அழலயே. அன்னம்மா அண்ணிதான் அழுதாங்க." கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "மூணு கதையிலயும் எனக்கு எடம் குடுக்கறதுக்கு ஒருத்தர் வராருண்ணா. எடம் என்னுதாவே இருக்கிற கதை ஒண்ணும் இல்லியா?"

நான் காகிதத்தை மடித்தேன்.

"நான் இன்னா பிச்சையா கேக்கறேன்? ரயில்காரனே எனக்குன்னு எடுத்து வெச்சிகிறான்னு நீங்கதானே சொன்னீங்க? அப்புறம் எதுக்கு நான் ஒத்தர் மூஞ்சியைப் பாத்துகினு போவணும்? அந்த மிலிட்டரிக்காரன் வரலேன்னா? இல்ல வந்து, அவனுக்கும் கால் வலின்னா?"

அவர் போனபின் மூன்று முடிவுகளையும் கிழிக்கப் போனேன். கிழிக்கவில்லை. மேலே அப்படியே விட்டிருக்கிறேன், நீங்களும் பார்க்க வேண்டும் என்று. ஒரு பெண்ணைத் தனியாக ஒரு படுக்கையில் படுக்க வைக்க எனக்கு மூன்று ஆண்கள் தேவைப்பட்டிருக்கிறார்கள்.

6

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். வேலை செய்யாத கருவி என்றால், ஒரு சமயத்தில் ஒரு திருகை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று தெரியாது.

ஜனவரி தேதிக்கு முன்பதிவு திறப்பதற்குச் சில நாள் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை காஞ்சனா வீட்டுக்குப் போனேன். வரதராஜன் இருந்தார். பாவா கஜபதியும் வந்திருந்தார், வறுத்த வேர்க்கடலையைத் தோலூதித் தின்றுகொண்டு. டிசம்பரில் ஏதோ ஒரு தேதியைப் போட்டு, பணம் கட்டுகிற இடம் வரை போய் நிறுத்திவிடலாம், டிக்கெட் ஆகாது, பரிசோதனை மட்டும் என்று விளக்கினேன். போனை நடுவில் வைத்தேன்.

லோயர் பெர்த் கோட்டா. மூன்று பெயர்கள், அவர்கள் வழக்கப்படி. பாவா, வரதராஜன், காஞ்சனா. அழுத்தினேன். சிவப்பு எழுத்தில் மறுப்பு.

"இதேதான் சக்திவேல் கடையிலயும் வந்திச்சி" என்றார் வரதராஜன்.

பாவாவின் பெயரை எடுத்தேன். வரதராஜன், காஞ்சனா இருவர். மறுப்பு.

வரதராஜனை எடுத்துவிட்டுப் பாவாவைத் திரும்பப் போட்டேன். பாவா, காஞ்சனா. சிவப்பு வரவில்லை. அடுத்த பக்கம் வந்தது, பணம் எப்படிக் கட்டுகிறீர்கள் என்று.

அந்த நொடியில் எனக்குப் பூட்டு திறந்த சத்தம் கேட்டது. "உங்க வயசு என்ன?" என்று வரதராஜனைக் கேட்டேன்.

"அம்பத்தேழு."

ஆணுக்கு அறுபது ஆக வேண்டும். சிவப்பு எழுத்தில் இருந்ததும் இப்போதுதான் புரிந்தது: அந்தக் கோட்டாவில் ஒரு டிக்கெட்டுக்கு அதிகபட்சம் இருவர். இருவர் என்றால் இருவருக்குமே அவரவருக்குரிய வயது ஆகியிருக்க வேண்டும். மூன்றாவதாக ஒருவர் சேர்ந்தாலும் கிடையாது. இரண்டில் ஒருவருக்கு வயது போதாவிட்டாலும் கிடையாது. கூட ஆள் இருந்தால் அந்த ஆள் மேலே ஏறிக்கொள்வார், இந்த அம்மாவுக்கு இடம் மாற்றிக் கொடுப்பார் என்று அந்த விதியை எழுதியவர் நினைத்திருக்க வேண்டும். (இது என் ஊகம்.) ரயில்வேயின் கணக்கில், ஆண் துணை உள்ள பெண்ணுக்குக் கீழ்ப் படுக்கை ஏற்கெனவே கிடைத்துவிட்டது. அதை வாங்கிக்கொண்டு தூங்கியது யார் என்பது அதற்குத் தெரியாது.

இவ்வளவையும் விளக்கிவிட்டு, சந்தோஷத்தில் வாயை மூடாமல் இன்னொன்றும் சொன்னேன்: "பாவாவும் காஞ்சனாம்மாவும் மட்டும் ஒரு டிக்கெட்ல போனா ரெண்டு பேருக்குமே கீழ கேக்கலாம்."

வரதராஜன் தொடையில் தட்டினார். "முடிஞ்சிச்சி சார். பாவா இட்டுகினு போவாரு. நான் தறியப் பாத்துக்கறேன்."

"ஆங், போலாம்" என்றார் பாவா. "எனக்கும் அந்த ஊரு சப்பாத்தி புடிச்சிச்சி."

காஞ்சனா சமையலறைக் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"யாரு யாரை இட்டுகினு போறது?"

பாவா இன்னொரு கடலையைத் தோலூதினார்.

"போன தடவை சர்க்கரை மாத்திரை எடுத்துக் குடுத்தது யாரு? ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் டீ வாங்கச் சொல்லி அனுப்பனது யாரை? அவரு பாத்ரூம் போறப்ப பையைப் பாத்துகினு நின்னது யாரு? அவரு நீட்டற காலு வழி முழுக்க என் இடுப்புலயே இடிச்சிகினு வந்திச்சி. அதுக்குப் பேரு தொணையா?"

"நான் இன்னாம்மா பண்ணேன்?" பாவாவுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "தூங்கறப்ப காலுக்கு இன்னா கண்ணா இருக்குது?"

"காலுக்கு இல்ல பாவா. எனக்கு இருந்திச்சி. ரெண்டு ராத்திரியும் மூடவேயில்ல."

அந்த வீட்டில் பாவாவிடம் ஒருவர் அப்படிப் பேசியதை யாரும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். பாவா கையில் இருந்த கடலையைத் தட்டிலேயே திரும்பப் போட்டார்.

வரதராஜன் எழுந்தார். "இன்னா பேச்சு பேசற. தனியா ஒரு பொம்பளை அவ்ளோ தூரம் போறதா? வழியில ஒண்ணு ஆச்சின்னா?"

"போன தடவை மூணு பேரு போனோம். வழியில ஒண்ணு ஆச்சே. சங்கிலியில தொங்கனேன். நீங்க நடு பெர்த்துலருந்து 'பாத்து ஏறு'ன்னீங்க."

"எனக்கு இன்னா தெரியும்..."

"அதான். நீங்களும் வாங்க, வராதீங்கன்னு சொல்லல. அதே ரயில்ல வாங்க. பக்கத்துப் பெட்டியில வாங்க. என் டிக்கெட்டுல வராதீங்க."

பிறகு என் பக்கம் திரும்பினார். எனக்கும் ஒன்று வைத்திருந்தார். "உங்களுக்குந்தான் சொல்றேண்ணா. எல்லாத்தையும் ஒண்ணு ஒண்ணா மாத்திப் பாக்கறீங்க. மூணு பேரு போட்டீங்க. ரெண்டு பேரு போட்டீங்க, அதையும் ரெண்டு விதமா. என் பேரை மட்டும் போட்டுப் பாக்கணும்னு தோணலியே."

தோன்றவில்லை. இரண்டு இணைகளையும் போட்டுப் பார்த்தவனுக்கு, பட்டியலில் மிக எளிதான நான்காவது சோதனை விட்டுப்போயிருந்தது. இதை எந்தப் பத்திரிகைப் பிள்ளை செய்திருந்தாலும் முட்டை மார்க் போட்டிருப்பேன்.

போனை அவரே எடுத்தார். பாவாவின் பெயரைத் தன் விரலாலேயே நீக்கினார். ஒரு பெயர் மீதி இருந்தது. அழுத்தினார். சிவப்பு வரவில்லை.

7

அடுத்த நாள் வரதராஜன் என்னோடு பேசவில்லை. அதற்கடுத்த நாள் வாசலில் கையெடுக்கவில்லை. நான் அவர் குடும்பத்தைப் பிரித்துவிட்டதாகத் தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார் என்று கேள்வி. ஒரே ரயிலில் இரண்டு டிக்கெட் எடுப்பதற்குப் பெயர் பிரிவினை. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அவரை மீசை வைத்து இந்தக் கதையில் மறுபடி எழுதலாமா என்று கூட யோசித்தேன்.

அன்னம்மாள் ஒரு நாள் வந்தார். வரதராஜனின் அக்கா, பிரசவம் பார்க்கப் போவதாக இருந்தவர். அவர்தான் சண்டை போட வருகிறார் என்று எழுந்து நின்றேன்.

"எங்க வூட்டுக்காரரு மூணு நாளா சோறு சரியா துன்னலங்க" என்றார். "காஞ்சனா அப்படிக் கேட்டுட்டாளாம்."

"அவங்க கோபத்துல..."

"சரியாத்தான் கேட்டுகிறா. நாப்பது வருஷமா அந்தக் காலு என் மேலயும் இடிச்சிகினுதான் கீது." உட்காரச் சொன்னதற்கு மறுத்துவிட்டார். "எனக்கு அடுத்த மாசம் ஷீரடி போவணும். தங்கச்சியோட. அந்தக் கீழ பெர்த் எப்படிப் போடறதுன்னு சொல்லுங்க. எனக்கு அறுபத்தி ரெண்டு, அவளுக்கு அம்பத்தெட்டு."

"ரெண்டு பேருக்கும் வயசு சரி. ஒரே டிக்கெட்லயே போடலாம்."

"அது போதும். கூட யாரும் வரல."

முன்பதிவு திறந்த காலையில் காஞ்சனா தன் போனோடு என் வீட்டுக்கு வந்தார். எட்டு மணிக்கு முன்னாலேயே எல்லாம் நிரப்பி வைத்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் இருந்தேன்; அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று இதுவரை படித்த உங்களுக்குத் தெரியும். டிக்கெட் வந்தது. ஏசி மூன்றடுக்கு. அவர் திரையைப் பெரிதாக்கி ஒரே ஒரு சொல்லை என் பக்கம் காட்டினார். லோயர்.

பிரியங்காவுக்குப் போன் போட்டார். "வரேன்டி. தனியா... இல்லடி, ஒண்ணும் சண்டை இல்ல... ஆங், சண்டைதான்."

அன்று மாலையே வரதராஜனும் சக்திவேல் கடைக்குப் போய் அதே ரயிலில் தனக்கு ஒரு டிக்கெட் எடுத்தார் என்று தெரிந்தது. மேல் படுக்கை. காஞ்சனாவின் பெட்டிக்கு இரண்டு பெட்டி தள்ளி.

இனி நான் எழுத வேண்டியது பயணம். எழுதப் போவதில்லை. இது நவம்பர். அந்த ரயில் இன்னும் கிளம்பவில்லை. பனி எவ்வளவு விழும், ஜோடி ரயில் எத்தனை மணி தாமதமாக வரும், நடைவழியில் இரண்டு பெட்டி நடந்துவந்து வரதராஜன் மனைவிக்கு டீ வாங்கிக் கொடுப்பாரா அல்லது தனக்கு மாத்திரை கேட்பாரா, குழந்தை காஞ்சனா போய்ச் சேரும் வரை காத்திருக்குமா, எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல எழுதினால் மறுபடி ஒரு ராணுவ வீரரை ஏற்றிவிடுவேன். முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலும் ஏணியைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஒருவர் இருந்தால், அவரை வைத்து முடியுங்கள்.

நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, கழற்றிப் பார்த்துச் சரிபார்த்தது, இதுதான்:

நாற்பத்தைந்து வயது தாண்டிய பெண்ணுக்குக் கீழ்ப் படுக்கை வேண்டுமென்றால், அவர் பெயர் மட்டும் உள்ள ஒரு டிக்கெட் எடுங்கள். கோட்டா என்ற இடத்தில் லோயர் பெர்த் என்பதைத் தேர்ந்தெடுங்கள். முன்பதிவு திறக்கிற அன்றே எடுங்கள். கூட வருகிறவர் தன் டிக்கெட்டைத் தனியாக எடுத்துக்கொள்ளட்டும்.